அறளை பெயர்ந்தவரும் அருகில் இருப்பவரும்: மறதிநோய், களங்கம், தனிமை பற்றி ஓர் எளிய விளக்கம்

"அந்த மனுசிக்கு அறளை பேந்திட்டுது" என்று எங்கள் வீடுகளில் மிக இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். சொல்பவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. வயது போனால் புத்தி தடுமாறும், அது இயற்கை, அதில் கதைக்க என்ன இருக்கிறது என்ற பொருளில்தான் அந்தச் சொல் வருகிறது. அதே வீட்டுக்கு வெளியார் யாராவது வருவதாகத் தெரிந்தால், அந்த மனுசியை உள்ளறையில் இருத்திக் கதவைச் சாத்துகிறோம். இயற்கை என்று சொல்லிக்கொண்டே ஒளித்து வைக்கும் இந்தப் பழக்கம் எப்படி உருவாகிறது, அது அந்த வீட்டில் இரவும் பகலும் பராமரிப்பவரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதை எளிமையாக விளக்க முயல்கிறேன்.

நான் வைத்தியர் அல்லேன். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில், தொடர்மாடியொன்றின் மூன்றாம் மாடியில் என் அம்மாவை ஏழு வருடங்கள் பராமரித்தவள். வாசலில் இறங்கி இரண்டு நிமிடம் நடந்தால் 100ஆம் இலக்க பஸ்ஸும் சனக்கூட்டமும் தமிழ்க் கடைகளும். அவ்வளவு சனத்துக்கு நடுவே அந்த ஏழு வருடங்களில் நான் அனுபவித்த தனிமைக்கு ஒரு பொறிமுறை இருக்கிறது என்பதை மிகப் பிந்தியே விளங்கிக்கொண்டேன். முன்னரே யாராவது இதைச் சொல்லித் தந்திருந்தால் என்னை நானே இவ்வளவு குற்றஞ்சாட்டியிருக்க மாட்டேன்.

பதிவேடு எழுதும் இலிகிதர்

ஒரு பிரதேச செயலகத்தை எண்ணிக்கொள்ளுங்கள். யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், என்ன பதில் கொடுக்கப்பட்டது என்பதை அன்றன்று எழுதி, பின்னர் அந்தப் பதிவேடுகளை அலுமாரியில் ஒழுங்காக அடுக்கி வைக்கும் ஓர் இலிகிதர் அங்கே இருக்கிறார். ஒரு நாள் அவர் நோயில் விழுகிறார். அலுவலகம் திறந்துதான் இருக்கிறது. ஆட்கள் வருகிறார்கள், கதைக்கிறார்கள், போகிறார்கள். ஆனால் எதுவும் எழுதப்படுவதில்லை. ஒன்பது மணிக்கு வந்தவர் பத்து மணிக்குத் திரும்பி வந்தால், அவர் முன்பு வந்துபோனதற்கு அங்கே எந்த ஆதாரமும் இல்லை. 1960ஆம் ஆண்டுப் பதிவேடுகளோ அலுமாரியில் அப்படியே இருக்கின்றன. எடுத்தால் எழுத்துக்கு எழுத்து வாசிக்கலாம்.

மூளையில் அந்த இலிகிதரின் வேலையைச் செய்யும் பகுதிக்கு ஹிப்போகம்பஸ் என்று பெயர். அல்சைமர் நோய் பெரும்பாலும் இந்தப் பகுதியையும் அதன் அயலையும்தான் முதலில் தாக்குகிறது. அமிலாய்டு என்ற புரதம் நரம்புக் கலங்களுக்கு வெளியே படிவுகளாகவும், டௌ என்ற புரதம் கலங்களுக்கு உள்ளே சிக்குகளாகவும் சேர, கலங்கள் ஒன்றோடொன்று தொடர்பிழந்து படிப்படியாக இறந்துபோகின்றன. காலையில் என்ன சாப்பிட்டார் என்று சொல்ல முடியாத என் அம்மா, எட்டு வயதில் பாடமாக்கிய சிவபுராணத்தை ஓர் அடி பிசகாமல் சொன்னதற்குக் காரணம் இதுதான். "எல்லாம் ஞாபகம் இருக்குத்தானே, எங்களுக்கு நடிக்கிறா" என்று ஓர் உறவினர் சொன்னார். பழைய பதிவேடு இருப்பதும் புதிய பதிவு எழுதப்படாமல் போவதும் இரு வேறு விடயங்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்போது எனக்கும் தெரியாது.

இனி, சொற்களைப் பிரித்துக்கொள்வோம். காய்ச்சல் என்பது ஓர் அடையாளம். அதற்குக் காரணம் டெங்குவாக இருக்கலாம், சளியாகவும் இருக்கலாம். அதேபோல் மறதிநோய், அதாவது டிமென்ஷியா, என்பது ஒரு தனி நோயின் பெயர் அல்ல. நினைவு, சிந்தனை, மொழி, திசையறிவு முதலியவை அன்றாட வாழ்க்கையை நடத்த முடியாத அளவுக்குக் குறைந்துபோகும் நிலைக்குரிய பொதுப் பெயர் அது. அந்த நிலையை உண்டாக்கும் நோய்கள் பல. அவற்றுள் மிகப் பரவலானது அல்சைமர் நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி நூற்றுக்கு 60 முதல் 70 வரையானோரின் மறதிநோய்க்கு அதுவே காரணமாக இருக்கலாம். மூளைக்கான இரத்த ஓட்டம் தடைப்படுவதால் வருவது இன்னொரு வகை.

இது முதுமையின் இயல்பான பகுதி அன்று. கறிக்கு உப்புப் போட்டோமா என்று மறப்பது எவருக்கும் நேரும். உப்புப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அதை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பது வேறு. ஜெர்மனிய வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் 1906இல் முதன்முதலாக விவரித்த நோயாளி, 1901இல் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டபோது அவருக்கு வயது 51தான். தொண்ணூறு வயதிலும் தெளிவாக இருக்கும் எத்தனையோ பேரை நாமே அறிவோம். கொழும்பை அடுத்த ராகமையில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வொன்றில், 65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரிடம்தான் மறதிநோய் காணப்பட்டது. வயது ஏற ஏற வாய்ப்புக் கூடுகிறது என்பது உண்மை. வயதுதான் நோய் என்பது பிழை.

இந்தப் பிழை வீட்டாரிடம் மட்டும் இருப்பதில்லை. அம்மாவை நான் முதன்முதலில் காட்டிய வைத்தியர், "வயசு போனால் இப்படித்தான், ஒண்டும் செய்யேலாது" என்று சொல்லி இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். அதனால் நாங்கள் ஒன்றரை வருடத்தை இழந்தோம். தைரொயிட் சுரப்புக் குறைவு, பி12 விற்றமின் குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதிநோய் போன்ற தோற்றத்தைத் தரலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஓரிரு நாட்களுக்குள் திடீரெனக் குழப்பம் வந்தால், அது சிறுநீர்த் தொற்று போன்ற வேறொரு நோயின் அடையாளமாக இருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். "வயசுதானே" என்ற சொல் இந்தக் கதவுகளையெல்லாம் பரிசோதிக்காமலே சாத்திவிடுகிறது.

சுருக்கமாக: மறதிநோய் மூளையில் ஏற்படும் நோய்களின் விளைவு. பழையது நிற்பதும் புதியது தங்காததும் அதன் இயல்பு. நடிப்பு இல்லை, பிடிவாதமும் இல்லை.

"என்ர சங்கிலியை எடுத்திட்டாள்"

களங்கம் எங்கிருந்து முளைக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, இந்த நோய் வெளியே எப்படித் தெரிகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அம்மா தன் சங்கிலியைக் கழற்றி, பத்திரமாக இருக்கட்டும் என்று அரிசிப் பேணிக்குள் வைத்தார். வைத்தது பதிவாகவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கழுத்தைத் தடவிப் பார்த்தபோது சங்கிலி இல்லை. கழற்றிய நினைவு இல்லாத ஒருவருக்கு, சங்கிலி இல்லாமற்போனதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் மிஞ்சுகிறது: யாரோ எடுத்துவிட்டார்கள். வீட்டில் இருப்பது நான் மட்டும். ஆகவே படிக்கட்டில் நின்று, மேலும் கீழும் உள்ள வீடுகளுக்குக் கேட்கும்படி, "என்ர சங்கிலியை இவள் எடுத்திட்டாள்" என்று அழுதார். இருக்கும் ஆதாரங்களைக் கொண்டு மூளை இடைவெளியை நிரப்பிக்கொள்கிறது; அவர் பொய் சொல்லவில்லை. கேட்ட அயலவருக்கோ அப்படி எந்த விளக்கமும் தெரியாது. அவர்களுக்குக் கேட்டது, பெற்ற தாய் மகளைக் கள்ளி என்று சொன்னதுதான்.

மாலையானால் இன்னொன்று தொடங்கும். கடற்பக்கம் வெளிச்சம் மங்க, ஆறு மணியளவில் கரையோர ரயில் சத்தம் கேட்க, அம்மா இரண்டு சேலைகளையும் சுவாமிப் படத்தையும் ஒரு பையில் வைத்துக்கொண்டு வாசற்கதவருகே வந்து நிற்பார். "இருட்டுப்படுது, என்னை வீட்ட கொண்டுபோய் விடுங்கோ." அவர் கேட்ட வீடு யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில், போரால் நேர்ந்த 1995 இடப்பெயர்வில் நாங்கள் பூட்டிவிட்டு வந்த வீடு. மாலைநேரத்தில் குழப்பமும் பரபரப்பும் கூடுவது மறதிநோயில் மிகப் பரவலாகக் காணப்படுகிறது. மூளையில் பகல் இரவை ஒழுங்குசெய்யும் பகுதி பழுதாவதும், நாள் முழுவதும் சேர்ந்த களைப்பும், வெளிச்சம் குறைவதும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. "இதுதான் அம்மா வீடு" என்று நான் சொல்லச் சொல்ல அவருக்குப் பயம் கூடியதே தவிர ஆறுதல் வரவில்லை. ஒருமுறை நான் குளித்துக்கொண்டிருந்தபோது தனியே இறங்கிக் காலி வீதி வரை போய்விட்டார். அதற்குப் பின் கதவைப் பூட்டத் தொடங்கினேன். உள்ளிருந்து அவர் கதவைத் தட்டும் சத்தம் படிக்கட்டு முழுவதும் கேட்கும். "தாயைப் பூட்டி வச்சிருக்கினம்" என்ற கதை ஒழுங்கையில் ஒரு கிழமைக்குள் பரவிவிட்டது.

கதவில் ஒட்டிய அறிவித்தல்

2020இல் கொரோனா பரவிய நாட்களை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்றால், அந்த வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டப்பட்டது. அதைக் கண்டவர்கள் ஒழுங்கையின் மறுகரையால் நடந்தார்கள். நோய் வராத பிள்ளைகளையும் விலக்கினார்கள். பதினான்கு நாள் முடிந்து, கடுதாசி கிழிக்கப்பட்ட பின்னரும், சிலர் அந்த வீட்டில் தேநீர் குடிக்கத் தயங்கினார்கள்.

களங்கம் இப்படித்தான் வேலை செய்கிறது. ஒருவரிடம் உள்ள ஏதோ ஓர் அடையாளத்தை வைத்து, அவரை முழு மனிதராகக் கருதாமல் விலக்கி வைப்பதே களங்கம் என்பதன் பொருள். அமெரிக்காவில் பணியாற்றிய சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963இல் இதை விரிவாக விளக்கியபோது, அடையாளம் உள்ளவரோடு நிற்பதனாலேயே மற்றவர் மீதும் அது படிவதைக் குறிப்பிட்டார். அதைச் சார்புக் களங்கம் என்று தமிழில் சொல்லலாம். நோய் அம்மாவுக்கு, விலக்கப்படுவது மகளும்தான்.

மறதிநோய்க்கு யாரும் கதவில் கடுதாசி ஒட்டுவதில்லை. நாங்களே ஒட்டிக்கொள்கிறோம், அதுவும் கதவின் உட்பக்கத்தில். ஊர் என்ன நினைக்கும் என்பதை ஊர் சொல்லும் முன்னரே நாம் நமக்குச் சொல்லி, அதை நம்பி, அதற்கேற்ப ஒதுங்கிக்கொள்வது உள்வாங்கிய களங்கம் எனப்படும். என் அனுபவத்தில் இதுவே எல்லாவற்றிலும் கொடியது. அம்மா சாப்பாட்டு மேசையில் கையைக் கழுவத் தண்ணீர்க் கோப்பைக்குள் விட்டார் என்பதற்காகக் கலியாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினேன். "அம்மாவுக்குக் கொஞ்சம் பிரஷர்" என்று சொல்லிச் சொல்லி, வரவிருந்தவர்களையும் வராமல் பண்ணினேன்.

இந்தப் பயம் வெறும் கற்பனையும் இல்லை. கொழும்பில் வளர்ந்தவர்களுக்கு அங்கொடை என்பது ஓர் ஊரின் பெயர் மட்டும் இல்லை. யாராவது வழக்கத்துக்கு மாறாக நடந்தால் "அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்" என்று சொல்லிச் சிரிப்பதைக் கேட்டே வளர்ந்தோம். வடக்கில் அதே இடத்தில் மந்திகை என்ற பெயர் வரும். மனநோய்க்குச் சிகிச்சை தரும் இடங்களின் பெயர்களையே வசைச் சொற்களாக்கிவிட்ட ஒரு சமூகத்தில், மூளை சம்பந்தமான எந்த நோயும் பைத்தியம் என்ற ஒரே பெட்டிக்குள் போய் விழுந்துவிடுகிறது. அதன் பின் செய்வினை, கண்ணூறு, முற்பிறப்பு வினை என்று விளக்கங்கள் வருகின்றன. வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் சம்பந்தம் குழம்பிவிடும் என்ற அச்சமும் சேர்கிறது. ஒற்றை மரபணு மாற்றத்தால் பெற்றோரிடமிருந்து நேரே வரும் அல்சைமர் வகை மிக அரிது. அத்தகையது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு இது அப்படிக் கடத்தப்படுவதில்லை. இதைச் சொன்னால் ஆறுதலடையக்கூடிய குடும்பங்கள் பல உண்டு.

சொல்லின் பலத்தை ஜப்பானியர் உணர்ந்தார்கள். மறதிநோயைக் குறிக்க அங்கே வழங்கிய பழைய சொல்லில் மந்தம், மடமை என்ற பொருள் இருந்ததால், 2004இல் அரசாங்கமே அதை நீக்கி, அறிதிறன் சார்ந்த நோய் என்ற பொருள்படும் புதிய சொல்லை ஏற்றுக்கொண்டது. அறளை என்ற நம் சொல்லை அழித்துவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பாட்டிமார் தம்மைத் தாமே கேலிசெய்து அதைச் சொல்லும்போது அதில் ஓர் இதம் இருக்கிறது. வைத்தியரிடம் போக வேண்டிய ஒருவரை வீட்டிலேயே நிறுத்தி வைக்க அது பயன்படும்போதுதான் சிக்கல்.

பன்னாட்டு அல்சைமர் அமைப்பு 155 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 70,000 பேரிடம் விசாரித்து 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மறதிநோய் முதுமையின் இயல்பு என்று மூன்றில் இரண்டு பங்கினர் நம்புகிறார்கள். சுகாதாரப் பணியாளர்களிலும் நூற்றுக்கு 62 பேர் அப்படியே நினைக்கிறார்கள். பராமரிப்பவர்களில் நூற்றுக்கு 35 பேர் தம் குடும்பத்தவரின் நோயை மறைத்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த 35 என்ற எண்ணை வாசித்த அன்று, முன்பின் அறியாத எத்தனையோ வீடுகளின் சாத்திய கதவுகள் எனக்குத் தெரிந்தன.

இதுவரை வந்த பாதை இது: நோயின் அடையாளங்கள் வெளியாருக்குக் குணக்கேடாகத் தெரிகின்றன, அதனால் களங்கம் வருகிறது, அது அருகில் இருப்பவர் மேலும் படிகிறது, அவர் மறைக்கத் தொடங்குகிறார். மறைத்த பின் என்ன நடக்கிறது என்பதே அடுத்தது.

தனித்திருப்பதும் தனிமையும்

தனித்திருப்பது வேறு, தனிமை வேறு. அதிகாலையில் யாரும் எழும்பும் முன் தேநீரோடு பல்கனியில் இருப்பவர் தனித்திருக்கிறார். அவருக்கு அது நிம்மதி. தனிமை என்பது, நமக்கு வேண்டிய உறவுக்கும் உண்மையில் கிடைக்கும் உறவுக்கும் இடையிலான தூரம். அதனால்தான் ஐந்நூறு பேர் கூடிய மண்டபத்திலும் ஒருவர் தனிமையில் இருக்க முடிகிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973இல் தனிமையை இரண்டாகப் பிரித்தார். கூடிப் பழக ஆட்கள், கூட்டம், இடம் இல்லாமற்போவது சமூகத் தனிமை. மனதோடு ஒட்டிய ஒருவர் இல்லாமற்போவது உணர்வுத் தனிமை. ஒன்றை மற்றது ஈடுசெய்யாது என்பது அவர் சொன்னதில் முக்கியமானது. மறதிநோயாளரைப் பராமரிப்பவருக்கு இரண்டும் ஒன்றாக வருகின்றன. வேலையை விட்டாயிற்று, கோவிலுக்குப் போக முடியாது, சிநேகிதிகள் இரண்டு மூன்று முறை அழைத்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்கள்: இது முதலாவது. ஒரு நாளில் நடந்ததையெல்லாம் யாரிடம் கொட்டித் தீர்த்தோமோ, அவரே இப்போது நோயாளியாக எதிரில் இருக்கிறார்: இது இரண்டாவது. எனக்கு எந்தத் துன்பம் வந்தாலும் அம்மாவிடம்தான் சொல்வேன். அம்மாவால் வந்த துன்பத்தை எவரிடம் சொல்வது என்று தெரியாமல் சமையலறையில் நின்ற நாட்கள் பல.

பத்து நிமிடத் தொலைபேசி

களங்கத்தையும் தனிமையையும் இணைக்கும் ஒரு கண்ணி உண்டு. அதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம்; வெளிநாட்டில் உறவுகள் உள்ள நம் குடும்பங்களில் அதன் வேலை மிகப் பெரியது.

என் தம்பி கனடாவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைப்பான். அம்மா அப்போது சேலையைச் சரிசெய்து, நிமிர்ந்திருந்து, "சாப்பிட்டியே தம்பி, பிள்ளையள் என்ன செய்யினம், அங்க குளிரோ" என்று அழகாகக் கேட்பார். பத்து நிமிடம் முடியும். பிறகு தம்பி என்னிடம் சொல்வான்: "அக்கா, அம்மா வடிவாத்தானே கதைக்கிறா. நீங்கள் சும்மா யோசிக்கிறீங்கள்." தொலைபேசியை வைத்த ஐந்தாவது நிமிடத்தில் அம்மா என் பக்கம் திரும்பி, மரியாதையோடு, "நீர் ஆற்றை பிள்ளை?" என்று கேட்பார்.

தம்பி பொய் சொல்லவில்லை. அவன் கண்டது உண்மை. நலம் விசாரித்தல், உபசரித்தல், சிரித்தல் போன்றவை வாழ்நாள் முழுவதும் பழகிப் பழகிப் படிந்தவை. அவை பழைய அலுமாரியில் இருப்பவை. இலிகிதர் இல்லாமலே இயங்கக்கூடியவை. நோயாளர் தம் முழுப் பலத்தையும் திரட்டிச் சிறிது நேரம் தம்மை நிலைநிறுத்திக்கொள்ளவும் முடியும். அதற்குப் பின் களைத்து, வழக்கத்தைவிடக் குழம்பிப்போவார்கள். இப்படி, வருபவர்கள் எல்லோரும் அவருடைய நல்ல பத்து நிமிடத்தைக் காண்கிறார்கள். மிச்ச இருபத்து மூன்று மணி ஐம்பது நிமிடங்களுக்கு ஒரேயொரு சாட்சிதான். அந்தச் சாட்சி சொல்வதை யாரும் நம்புவதில்லை. வேறு யாரும் பார்க்கவில்லையே. பார்க்க ஏன் ஆட்கள் வரவில்லை என்றால், நாமே மறைத்துவிட்டோம். வட்டம் இங்கே முழுமையடைகிறது: மறைப்பதால் சாட்சி இல்லை, சாட்சி இல்லாததால் நம்பிக்கை இல்லை, நம்பாதவர்களிடம் சொல்லிப் பயனில்லை என்பதால் மேலும் மறைக்கிறோம்.

என் தனிமையின் கூர்மையான பகுதி வேலைப் பளுவால் வந்ததன்று. நான் கண்டதை இன்னொருவர் காணாமையால் வந்தது அது.

கண் முன்னே இருக்கும் இழப்பு

இன்னொரு சொல்லையும் அறிமுகப்படுத்த வேண்டும்: தெளிவற்ற இழப்பு. அமெரிக்கக் குடும்ப ஆற்றுப்படுத்துநர் போலின் பொஸ், 1970களில், வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களோடு பணியாற்றியபோது இந்தக் கருத்தை வளர்த்தார். இழப்பு உண்டு, ஆனால் அது முடிந்ததா முடியவில்லையா என்று தெரியாது. இதில் இரு வகை. உடல் இல்லை, மனதில் ஆள் இருக்கிறார்: காணாமல் ஆக்கப்பட்டோருக்காகப் படங்களோடு வீதியில் நிற்கும் நம் தாய்மாருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. மற்றது, உடல் இருக்கிறது, அந்த ஆள் இல்லை: மறதிநோய் வீடுகளில் இருப்பது இது.

இரண்டுக்கும் பொதுவானது, துக்கம் கொண்டாட ஒரு நாளும் ஒரு முறையும் இல்லாமை. செத்த வீடு என்றால் எங்கள் சமூகத்துக்கு என்ன செய்வதென்று நன்றாகத் தெரியும். பாய் விரிப்பார்கள், சமைத்து அனுப்புவார்கள், எட்டுக்கும் முப்பத்தொன்றுக்கும் வந்து இருப்பார்கள். உயிரோடு இருப்பவரை இழந்துகொண்டிருக்கும் வீட்டுக்கு எந்தச் சடங்கும் இல்லை. அம்மா என் பெயரை மறந்த நாளில் யாரும் வரவில்லை. வரவேண்டும் என்று யாருக்குத் தெரியும்? அழுதால், "அம்மா இருக்கிறா, அதுக்குள்ள ஏன் அழுறாய்" என்பார்கள். அதனால் பராமரிப்பவர் தன் துக்கத்தையே குற்றமாக எண்ணத் தொடங்குகிறார்.

பராமரிப்பவரின் உடம்பு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், முக்கியம் குறைந்ததால் அல்ல, விளக்கம் அதிகம் தேவைப்படாததால். 2021இல் உலகில் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதிநோயோடு வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களைப் பெரும்பாலும் சம்பளமின்றிப் பராமரிக்கும் உறவினரும் நண்பரும் சராசரியாக நாளொன்றுக்கு 5 மணி நேரம் செலவிடுகிறார்கள். அந்த நேரத்தில் நூற்றுக்கு 70 பங்கு பெண்களுடையது. முன்னர் சொன்ன 2019 அறிக்கையில், பராமரிப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம் உடல்நலம் கெட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். என் இரத்த அழுத்தம் கூடியதை, அம்மாவைக் காட்டப் போன இடத்தில் தாதி ஒருவர் தற்செயலாக அளந்து பார்த்துத்தான் சொன்னார்.

யாரிடம் போவது, எப்படிப் போய் இருப்பது

முதலில் வைத்தியர். குடும்ப வைத்தியரிடம் தொடங்கி, நரம்பியல், முதியோர் அல்லது உளமருத்துவ நிபுணரிடம் அனுப்புமாறு கேட்கலாம்; ஒருவர் "வயசுதானே" என்றால் இன்னொருவரிடம் போகலாம். கொழும்பில் 2001 முதல் இயங்கிவரும் லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷன், நோயாளருக்கான செயற்பாட்டு நிலையத்தோடு குடும்பத்தவருக்கும் வழிகாட்டுகிறது. 1926 என்பது இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம். நோயாளருக்காக மட்டுமன்றி, தாங்க முடியாமற்போன பராமரிப்பவரும் தமக்காக அழைக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு காலையில் அழைப்பதற்குப் பதிலாக, ஒருமுறை கொழும்பு நேரப்படி மாலை ஆறு மணிக்கு அழைத்து, தொலைபேசியை மேசையில் நிறுத்திவைக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருங்கள். என் தம்பி அப்படி ஒரு நாள் பார்த்தான். அதன் பின் அவன் "யோசிக்கிறீங்கள்" என்ற சொல்லைச் சொல்லவே இல்லை. அன்று இரவு இருவரும் வெகுநேரம் கதைத்தோம்.

அருகில் இருப்பவர்கள், "ஏதும் உதவி எண்டால் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போவதைவிட ஒரு நேரத்தைச் சொல்லி வருவது நல்லது. உதவி கேட்கவும் தெம்பு வேண்டும். பராமரிப்பவரிடம் அதுவும் தீர்ந்திருக்கும். வந்தால் நோயாளரிடம் "என்னை ஆரெண்டு தெரியுதே?" என்று பரீட்சை வைக்காமல், உங்கள் பெயரை நீங்களே சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருங்கள். அவர் சொல்வது பிழையென்றாலும் திருத்த வேண்டாம். வீட்டுக்குப் போக வேண்டும் என்றால், அந்த வீட்டைப் பற்றிக் கேளுங்கள்.

எங்கள் தொடர்மாடியில் கீழ் மாடியில் ஒரு ராத்தா, முஸ்லிம் அக்கா ஒருவர், இருந்தார். கதவு தட்டும் சத்தத்தைப் பல நாள் கேட்டுவிட்டு, ஒரு மாலை தானே மேலே வந்தார். நான் பிரஷர் கதையைத் தொடங்கினேன். "எங்கட உம்மாவுக்கும் இப்பிடித்தான் ஈந்திச்சி" என்று சொல்லிவிட்டு, கையோடு கொண்டுவந்த முருங்கை இலைக் கட்டைப் பிரித்து, பாதியை அம்மாவின் மடியில் வைத்தார். அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு இலை உருவத் தொடங்கினார். கோண்டாவில் வீட்டுக் கிணற்றடியில் நின்ற முருங்கை மரத்தைப் பற்றிச் சொன்னார். ராத்தா காய் எத்தனை முழம் இருக்கும் என்று கேட்டார். அதற்குப் பிறகு கிழமையில் நான்கு நாள், ஆறு மணிக்கு அவர் வருவார். நாற்பது நிமிடம். நான் கரையோர வீதியில் இறங்கி, ரயில் பாதைக்கு அப்பால் கடலைப் பார்த்துக்கொண்டு பம்பலப்பிட்டிப் பக்கம் நடந்துவிட்டுத் திரும்புவேன். கதவைத் திறந்து உள்ளே வரும்போது, அம்மா என்னைப் பார்த்துவிட்டு ராத்தாவிடம் மெல்லக் குனிந்து, "இந்தப் பிள்ளை ஆர்?" என்று கேட்பார்.

"ஒங்கட மூத்த மகள்" என்பார் ராத்தா, இலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒங்களப் பாக்கத்தான் வந்தீக்கி."